நாய்கள் உறங்கும் ஓவியம்

மேற்கு மலைமுகடுகளில் மஞ்சு இறங்கி, ஏலச்செடிகளின் ஈரமணத்தை அள்ளிவந்த காற்றுப் போடிநாயக்கனூர்த் தெருக்களில் உலவிய மாலைப்பொழுது அது, நண்பரே. ஏலக்காய் வணிகர் கோட்டைச்சாமியின் புதுமனைக் கூடத்தில், அவர் மகள் ரோஜாவைப் பெண்பார்க்க வந்த மதுரைக் குடும்பத்தார் அமர்ந்திருந்தனர். இவ்வுறவு கைகூட வேண்டுமே என்று, தம் பெருமையில் ஒன்றும் வந்தவர் கண்ணுக்குத் தப்பாதபடி அவர் பட்ட பாடு இருக்கிறதே, அப்பப்பா!

கூடத்துச் சுவரை நிறைத்து நின்றது ஒரு எண்ணெய்வண்ண ஓவியம். தம் வீட்டைக் கண்டது கண்டபடியே தீட்டித் தருமாறு ஓவியர் ஒருவரை அவர் கேட்டிருந்தார். அந்த ஓவியத்தில், மேசைமேல் மாதுளையும் மலைவாழையும் குவிந்திருக்க, கீழே கம்பளத்தில் செல்ல நாய்கள் இரண்டும் கண்வளர, அவற்றின் அருகே நீர் நிறைந்த வெள்ளிக்கிண்ணம் பளபளத்தது. திறந்த பின்கதவுக்கு அப்பால், புறச்சுவரின் ஆணியில், நசுங்கிய தகரக்குவளை ஒன்று தொங்கியது. நாள்தோறும் பார்த்துப் பழகிய வீட்டாருக்கு அது உறுத்தவே இல்லை.

மணமகனின் தாய் சூர்யகலா ஓவியத்தை நெருங்கினார். "வெளியில தொங்குதே, அது யாருக்குங்க?"

தோட்டவேலைக்கு வரும் மாயக்காளுக்கு அதில்தான் நீர் வார்ப்பர்; அக்குவளை ஒருநாளும் படிதாண்டி உள்ளே வந்ததில்லை. இதை எந்த வாயால் சொல்வது? கோட்டைச்சாமிக்கு முகம் வெளிறியது. "நாய்க்குத் தண்ணி வைக்கிறதுங்க" என்று சிரித்து மழுப்பினார். சூர்யகலாவின் பார்வை ஓவியத்து வெள்ளிக்கிண்ணத்தின்மேல் போய் நின்றது. ஐயோ, பொய் சொல்லவும் ஒரு கூறு வேண்டாமா!

அந்நேரம் பின்கட்டைக் கூட்டி முடித்து, நீர் கேட்கக் குவளையும் கையுமாகப் பின்வாசலில் நின்றிருந்தாள் மாயக்காள். அவர் சொன்னதை அவள் அப்படியே நம்பிவிட்டாள்.

"அய்யய்யோ, இம்புட்டு நாளா நாயோடதுலயா குடிச்சேன்? எனக்குத் தெரியாமப் போச்சேய்யா!" என்றவள், குவளையைப் படியோரம் வைத்துவிட்டு, இரு கைகளையும் குவித்து நீட்டினாள். "தொண்டை காயுது. கையிலயே கொஞ்சம் ஊத்துங்கய்யா."

நாணத்தால் உடல் குன்றிய கோட்டைச்சாமி, மேசையிலிருந்த வெள்ளிச்செம்பை எடுத்துக்கொண்டு பின்வாசலுக்கு நடந்தார். அச்செம்பை அவள் கையில் கொடுத்திருக்கலாம், கொடுக்கவே எண்ணினார். எல்லாக் கண்களும் தம்மேல் இருக்க, தலைமுறைகளாய்ப் பழகிய அந்தக் கை, விரல் படாத உயரத்தில் நின்று, அவள் உள்ளங்கையில் நீரை வார்த்தது.

அதைக் காணப் பொறாமல், கூடத்து ஓரத்தில் நின்றிருந்த ரோஜா முகத்தை மூடிக்கொண்டாள்.