இறங்குறீங்களா, அண்ணே?

வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்தில் அந்த பஸ் டிரைவருக்கு 'பெரிய ஆமென்' என்று பட்டப்பெயர். மற்றவர்கள் ஆமென் சொன்னால் காதில் விழும். இவர் சொன்னால் அலமாரியில் இருக்கும் பவுடர் டப்பா நடுங்கும். கூட்டம் நடப்பது சலூனில். சாயங்காலம் ஐந்து மணிக்குச் சலூன்காரர் வாசல் பலகையைத் திருப்பி மாட்டிவிட்டு, தரையில் கிடக்கும் முடியை மூலையில் கூட்டி ஒதுக்குவார். ஏழெட்டு ஆண்கள் சுழல் நாற்காலியிலும் பெஞ்சிலுமாக உட்கார்ந்து, ஊரில் உள்ள கவலையையெல்லாம் ஆண்டவரிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். டிரைவருக்கு அறுபதை எட்டிப் பிடிக்கிற வயது. சலூன்காரர் அவரைவிடப் பதினான்கு வயது இளையவர். ஆனால் அங்கே எல்லோருக்கும் வழிகாட்டி அவர்தான்.

அவர் வைத்திருந்த சட்டம் ஒன்று உண்டு. ஜெபிக்க வேண்டிய காரியத்தை ஒரு சீட்டில் எழுதிக் கண்ணாடிச் சட்டத்தின் இடுக்கில் செருக வேண்டும். சீட்டின் முன்பக்கம் ஆண்டவரிடம் கேட்பது. பின்பக்கம் 'என் பங்கு'. தன் பங்கைச் செய்து முடித்தவன் தன் கையாலேயே சீட்டை எடுத்துக்கொள்ளலாம். வேலைக்கு ஜெபித்தவன் நாலு இடத்தில் மனு போட்டான், எடுத்தான். அண்ணனோடு பேச்சுவார்த்தை இல்லாதவன் போய்ப் பேசிவிட்டு வந்து எடுத்தான். சீட்டுகள் வந்தன, போயின. ஒரே ஒரு சீட்டு மட்டும் நாலு வருஷமாக அங்கேயே இருந்து மஞ்சளாகிப் போயிருந்தது. அது பெரிய ஆமெனின் சீட்டு.

முன்பக்கம்: 'என் மகள் என்னிடம் திரும்பி வர வேண்டும்.' பின்பக்கம்: 'நேரில் போய்ப் பார்ப்பேன்.' எழுதியதென்னவோ அழகான கையெழுத்துதான்.

மகள் எங்கோ கடல் கடந்து போய்விடவில்லை. இவர் ஓட்டும் பஸ் தடத்திலேயே, பதினோராவது நிறுத்தத்தை ஒட்டி இருக்கும் மாடி வீட்டில் இருந்தாள். வீடுகளுக்குச் சுண்ணாம்பும் பெயிண்டும் அடிக்கும் ஒருவனைக் கட்டிக்கொண்டாள். இவர் பார்த்து வைத்திருந்த மாப்பிள்ளை வேறு. அம்மா இல்லாத பெண், அப்பாவை மீறிவிட்டாள் என்று இவருக்கு ஆத்திரம். கல்யாணத்தன்று 'லீவு கிடைக்கவில்லை' என்று சொல்லி அனுப்பிவிட்டு வழக்கம்போல வண்டி எடுத்தார். உண்மையில் லீவு கேட்கவே இல்லை. கோபம் ஆறு மாதத்தில் ஆறிவிட்டது. அதற்குப் பிறகு இருந்தது வெறும் வீம்பு, வீம்புக்குள்ளே வெட்கம். எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது? ஆனாலும் தினம் நாலு தடவை அந்த நிறுத்தத்தைக் கடக்க வேண்டுமே. அதற்கும் மனுஷன் ஒரு வழி கண்டுபிடித்தார். மற்ற எல்லா நிறுத்தத்திலும் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்துத்தான் வண்டியை எடுப்பார். பதினோராவதில் மட்டும் ரோட்டையே வெறித்துக்கொண்டு, கண்டக்டரின் விசிலை நம்பி எடுத்துவிடுவார். முப்பது வருஷ அனுபவசாலி செய்யக் கூடாத தப்பு அது. தினம் நாலு முறை செய்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை சலூன்காரர், ஓடிப்போன மகனைத் தூரத்திலேயே கண்டு ஓடிப்போய்க் கட்டிக்கொண்ட தகப்பனின் கதையை வேதத்திலிருந்து எடுத்துப் பேசினார். டிரைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓர் ஆமென் போட்டார், பவுடர் டப்பா ஆடியது.

"அந்த வயசான மனுஷன் காலாலதான் ஓடினார், அண்ணே," என்றார் சலூன்காரர். "உங்களுக்கு ஆண்டவர் பஸ்ஸே குடுத்திருக்கார்."

எல்லோரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார்.

"சிரிக்காதீங்க. ஆமென்னா பாதிக் கையெழுத்துதான். மீதியைக் காலால போடணும். கதவைத் தட்ட ஆண்டவர் வரமாட்டார். அதுக்குத்தான் நமக்குக் கை குடுத்திருக்கார்."

"நேரம் வரட்டும், தம்பி. ஆண்டவர் வழி காட்டுவார்."

சலூன்காரர் அதோடு விடுகிற ஆள் இல்லை. பேச்சில் படியாதவரை வேலையில் பிடிப்பார். சில வெள்ளிக்கிழமைகளில் கூட்டத்துக்கு முன்னால் குழந்தைகள் முடி வெட்ட வந்து அலறும். அப்போது டிரைவரைக் கூப்பிட்டுத் தலையைப் பிடிக்கச் சொல்வார். "காதைப் பிடிக்காதீங்க, பயந்துரும். தாடைக்குக் கீழ ரெண்டு விரல், அவ்வளவுதான். அழுத்தக் கூடாது. கண்ணுக்கு நேரா உக்காந்து நீங்க அசையாம இருந்தா அதுவும் அசையாது." டிரைவர் முட்டி போட்டு உட்கார்ந்து பிடிப்பார். ஆச்சரியமாகக் குழந்தை அடங்கும். நாலு வருஷத்தில் அந்தக் குருவிடம் இவர் கேட்டு எழுதி வைத்தது இரண்டு நோட்டு. கையால் கற்றுக்கொண்டது இது ஒன்றுதான்.

மாதத்தின் முதல் திங்கட்கிழமை சலூனுக்கு விடுமுறை. அன்றைக்கு அவர் ஒரு பழுப்பு நிறப் பையோடு டிரைவரின் பஸ்ஸில் ஏறி, முன் இருக்கையில் உட்கார்ந்து, சரியாகப் பதினோராவது நிறுத்தத்தில் இறங்குவார். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வீட்டுக்கே போய் முடி வெட்டுவது அவர் வழக்கம். ஒருமுறை டிரைவர், "இங்க யாருக்கு, தம்பி?" என்று கேட்டார்.

"ஒரு கஸ்டமர், அண்ணே. தலை ஒரு நிமிஷம் நிக்காது."

நடுக்குவாதக்காரர் யாரோ, பாவம் என்று நினைத்து அந்த நோயாளிக்காக அன்று ராத்திரி ஜெபம்கூடச் செய்தார்.

இறங்கும்போது படியில் நின்று சலூன்காரர் ஒவ்வொரு தடவையும் ஒன்று கேட்பார்.

"இறங்குறீங்களா, அண்ணே?"

"அப்புறம் வண்டியை யாரு ஓட்டுறது? உங்க தாத்தாவா?" என்று இவர் ரோட்டைப் பார்த்தபடியே சிரிப்பார். விசில் ஊதும். வண்டி நகரும். அடுத்த மாதமும் அதே கேள்வி, அதே பதில், அதே சிரிப்பு.

அந்தச் சலூன்காரர் ஒரு சனிக்கிழமை காலையில், ஒருவருக்கு முகத்தில் சோப்பு தடவிக்கொண்டிருக்கும்போது, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. வயது நாற்பத்தைந்து. திங்கட்கிழமை அடக்கம். அது மாதத்தின் முதல் திங்கட்கிழமை. டிரைவர் லீவு போட்டுவிட்டுப் பெட்டியைத் தோளில் சுமந்தார். தேம்பித் தேம்பி அழுதார். அந்த அழுகையில் பொய் இல்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. எங்கே போவதென்று தெரியாமல் எல்லோரும் பழக்கதோஷத்தில் சலூனுக்கே வந்தார்கள். சலூன்காரரின் மனைவி கதவைத் திறந்துவிட்டாள். கண்ணாடியில் இருந்த சீட்டுகளை ஒவ்வொன்றாக உருவி அவரவரிடம் கொடுத்தாள். "அவர் இல்லாத இடத்துல இது இருக்க வேண்டாம். நீங்களே வச்சுக்கோங்க," என்றாள். மஞ்சள் சீட்டு கடைசியில் வந்தது.

டிரைவர் அதைத் திருப்பினார். 'நேரில் போய்ப் பார்ப்பேன்' என்ற தன் எழுத்துக்குக் கீழே பென்சிலால் சின்னச் சின்னக் கோடுகள், ஐந்தைந்தாகக் கட்டிப் போட்டவை. எண்ணினார். முப்பத்தெட்டு.

"இது என்னம்மா கோடு?"

"அவர் போயிட்டு வந்தப்பல்லாம் ஒண்ணு போடுவார்."

"எங்க போயிட்டு?"

இவர் விளையாடுகிறாரோ என்று அவள் டிரைவரின் முகத்தைப் பார்த்தாள். "உங்க பொண்ணு வீட்டுக்குத்தான், அண்ணே. பேத்திக்கு முடி வெட்ட. உங்க பஸ்லதானே போவார்?"

பேத்தி இருப்பதே இவருக்குத் தெரியாது.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையேம்மா..."

"நானும் கேட்டேன். 'சொன்னா அண்ணன் என்னையே தூது அனுப்பிட்டு, ஆமென் சொல்லிட்டு நிம்மதியா உக்காந்துருவார். அவரா இறங்கணும்'னு சொன்னார். மாசாமாசம் உங்களைக் கூப்பிட்டாராமே?"

கூப்பிட்டார். முப்பத்தெட்டு தடவை. உங்க தாத்தாவா ஓட்டுவார் என்று இவர் முப்பத்தெட்டு தடவை சிரித்தார். அந்தச் சிரிப்பெல்லாம் இப்போது ஒரே சமயத்தில் காதில் கேட்டது.

அவள் பழுப்புப் பையைப் பெஞ்சில் வைத்தாள். "அந்தப் பொண்ணுக்கு அவர் போனது தெரியாது. திங்கட்கிழமை ஜன்னல்லயே நின்னு பார்த்திருக்கும். யாராவது போய்ச் சொல்லணும்."

கூட்டத்தில் மூத்தவரான ஓய்வுபெற்ற வாத்தியார் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "அதுக்காக இப்ப ஒரு நிமிஷம் ஜெபிப்போம்," என்றார்.

எல்லோரும் தலை குனிந்தார்கள். முடிவில் ஆமென் சொன்னார்கள். பவுடர் டப்பா ஆடவில்லை. பெரிய ஆமென் பையைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"நான் போறேன்," என்றார்.

மறுநாள் காலை லீவு போட்டுவிட்டு, அதே தடத்துப் பஸ்ஸில் டிக்கெட் எடுத்து, சலூன்காரர் உட்காரும் முன் இருக்கையில் உட்கார்ந்தார். ஓட்டியவர் வேறொருவர். ஒவ்வொரு நிறுத்தமாக எண்ணிக்கொண்டே வந்தார். பதினோராவதில் வண்டி நின்றது. நாலு பேர் இறங்கினார்கள். இவரால் எழுந்திருக்க முடியவில்லை. கண்டக்டர் விசிலை வாய்வரை கொண்டுபோய் நிறுத்தி, பழகிய மனுஷன் ஆயிற்றே என்று கேட்டார்.

"இறங்குறீங்களா, அண்ணே?"

டிரைவர் இறங்கினார்.

மூன்றாவது மாடி. கதவைத் திறந்தவள் முதலில் பையைப் பார்த்தாள். அப்புறம் அவரைப் பார்த்தாள். அப்புறம் அவருக்குப் பின்னால், படிக்கட்டில் யாரையோ தேடினாள்.

"அண்ணன் எங்க?" என்றாள்.

"போன சனிக்கிழமைம்மா. கடையிலேயே. நெஞ்சு வலி."

அவள் நிலைப்படியில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தாள். புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அவ்வளவும் சலூன்காரருக்கான அழுகை. ஒரு சொட்டும் தனக்கில்லை என்று டிரைவருக்குத் தெரிந்தது. பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்.

"அடக்கம் எப்ப?"

"திங்கட்கிழமை."

"போனீங்களா?"

"போனேன்."

"லீவு கிடைச்சுதா?"

பதிலுக்குக் காத்திராமல் அவள் எழுந்து, கதவை மூடாமல் உள்ளே போனாள். மூடவில்லை என்பதையே பிடித்துக்கொண்டு அவரும் பின்னால் போனார்.

பெயிண்ட் டப்பாக்கள் அடுக்கிய சின்ன முன்னறை. சுவரில் குழந்தையின் உயரத்தைக் குறித்து வைத்திருந்தார்கள். குறித்தது சலூன்காரரின் பென்சில். உள்ளேயிருந்து மூன்றரை வயதுப் பெண் குழந்தை ஓடிவந்தது. முடி கண்ணை மறைத்துக்கொண்டிருந்தது.

"மாமா பை! மாமா எங்க?"

"மாமா வரலடா. ஆண்டவர்கிட்ட போயிட்டாங்க."

"எப்ப வருவாங்க?"

மகள் குழந்தையின் கண்ணை மறைத்த முடியை ஒதுக்கிவிட்டாள்.

"முடி குத்துதும்மா," என்றது குழந்தை.

மகள் அவர் கையிலிருந்த பையை வாங்கித் திறந்து கத்திரிக்கோலை எடுத்தாள். குழந்தை தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டியது. ஒரு நிமிஷம் நிற்கவில்லை. டிரைவர் முட்டி போட்டு அதன் கண்ணுக்கு நேராக உட்கார்ந்தார். தாடைக்குக் கீழே இரண்டு விரல். அழுத்தவில்லை. தானும் அசையவில்லை. தலை நின்றது.

மகளின் கை அந்தரத்தில் நின்றது. "அண்ணன் இப்படித்தான் பிடிப்பார்."

"அவர்தான் சொல்லிக்குடுத்தார்."

அவள் வெட்டினாள். நெற்றி முடி கொஞ்சம் கோணலாகத்தான் வந்தது. அவள் கண் நிறைந்திருந்தது, பின்னே எப்படி நேராக வரும்?

அப்போது தெருவில் ஓர் இஞ்சின் சத்தம் கேட்டது. எத்தனை வருஷம் கேட்ட சத்தம். குழந்தை விரலை உதறிக்கொண்டு ஜன்னலுக்கு ஓடி, அங்கே போட்டிருந்த முக்காலியில் ஏறிக் கம்பிக்கு வெளியே கையை நீட்டியது.

"பஸ் தாத்தா! டாட்டா! பஸ் தாத்தா!"

டிரைவர் அதன் பின்னால் போய் நின்று கீழே பார்த்தார். முன்கண்ணாடி வழியாக, ஸ்டீயரிங்கைப் பிடித்த இரண்டு கைகள் தெரிந்தன. விசில் ஊதியது. வண்டி போய்விட்டது.

"இன்னைக்கும் பார்க்கல," என்றது குழந்தை. அதற்கு அதில் வருத்தம்கூட இல்லை, பழகிப்போயிருந்தது. அழுதுகொண்டு நின்ற இந்தப் புது ஆளுக்கு ஆறுதலாக, "தாத்தா ரோட்டைப் பார்த்துத்தான் ஓட்டணும். அம்மா சொன்னாங்க. பார்க்கலேன்னா டிஷ்யூம்னு மோதிடும்," என்று விளக்கியது.

தினம் நாலு தடவை. அந்த முக்காலி. அந்தக் கை. இவர் ஒரு தடவை கழுத்தைத் திருப்பியிருந்தால் போதும்.

"தப்பு பண்ணிட்டேம்மா," என்றார் மகளிடம்.

அவள் கத்திரிக்கோலைத் துடைத்துப் பையில் வைத்தாள். அவர் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள். "இத்தனை நாள் உங்களுக்காக நான் அவகிட்ட பொய் சொல்லியாச்சு. இனிமே முடியாது. நீங்க யாருன்னு நீங்களே சொல்லுங்க."

டிரைவர் மறுபடியும் முட்டி போட்டார். குழந்தையின் மூக்கில் ஒட்டியிருந்த ஒரு துண்டு முடியை ஊதிவிட்டார்.

"குட்டி, அந்த பஸ்ல தாத்தா இல்லம்மா."

"பின்ன எங்க?"

"தாத்தா இறங்கிட்டேன்."

குழந்தை அவரைப் பார்த்தது. பையைப் பார்த்தது. திரும்ப அவரைப் பார்த்தது.

"ஒரு நாள் கூட்டிட்டு வருவேன்னு மாமா சொன்னாங்களே. மாமாவா கூட்டிட்டு வந்தாங்க?"

"ஆமாம்மா," என்றார் டிரைவர். "மாமாதான்."