காலி வண்டி

ஜீப்புக்கு அடியில் மல்லாந்து கிடந்த லாபோவின் கண்ணில் துருத்தூள் விழுந்தது. கசக்கக் கை ஒழியவில்லை. ஒரு கையில் ஸ்பானர், மறு கையில் முன் ஷாஃப்ட்டின் முனை. அதை நெஞ்சுயரத்துக்கு ஏந்திப் பிடித்தபடியே, "மச்சான், போல்ட்டக் குடு" என்றான்.

"எந்தக் கையில வாங்கப்போற? வாயத் தொற, வெக்கிறேன்" என்றான் அகோங். லாபோவின் மனைவி ரினிங்குக்கு உடன்பிறந்த தம்பி அவன். லோங் துகாய் ஊரிலேயே வெல்டிங் தெரிந்த ஒரே ஆளும் அவன்தான். அதனால் வாய் கொஞ்சம் நீளம். குனிந்து, போல்ட்டைத் துளையில் நுழைத்துக் கையாலேயே நாலு சுற்றுச் சுற்றிவிட்டான். "இன்னியோட என் வயல்ல உனக்கு ஒம்பது நாள் வேலை சேர்ந்துருச்சு. அறுப்புக்கு ஓடி ஒளிஞ்சிராதே."

"அறுக்கறேன், உன் தலையச் சேத்து."

அந்த ஊர் வழக்கம் அப்படி. ஒருவன் இன்னொருவனுக்கு ஒரு நாள் உழைத்தால் அவன் திரும்ப ஒரு நாள் உழைத்துத் தீர்ப்பான். நாற்று நடவுக்கும் அதுதான், ஜீப் வெல்டிங்குக்கும் அதுதான்.

மரக் கம்பெனி மேட்டுக்காட்டை வெட்டி முடித்துவிட்டு முகாமைக் கீழே கொண்டுபோனபோது லாபோவுக்கு வேலை போயிற்று. பதினெட்டு வருஷம் புல்டோசரில் உட்கார்ந்து அந்த மலையைக் கீறி ரோடு போட்டவன். கணக்கு முடிக்கப் போன அன்று மேனேஜர் பாக்கிச் சம்பளத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஜன்னல் வழியாக ஷெட்டின் பின்பக்கத்தைக் காட்டினார். "அந்தப் பதினேழாம் நம்பர எடுத்துக்கோ. அதோட சரியாப் போச்சு" என்றார். வண்டி ஃபோர் வீல் என்று பேர். முன் ஷாஃப்ட்டை எவனோ எப்போதோ கழற்றி வேறு வண்டிக்குப் போட்டிருந்தான். பேட்டரி இல்லை, பின் சீட் இல்லை, தரையில் கால் நுழையும் அளவுக்கு ஓட்டை. நாலு எருமைகளைக் கட்டித்தான் ஊருக்கு இழுத்து வந்தார்கள். வழி நெடுக நின்று சிரித்தார்கள் ஜனங்கள். லாபோவும் சிரித்தான், வேறென்ன செய்ய.

சிரிப்பு அடங்கக் காரணம் ரினிங். அவளுக்கு மாதம் ஏறிக்கொண்டிருந்தது. குழந்தை குறுக்கே கிடப்பதாகவும், வலி வருவதற்கு முன்பே கீழே லவாஸ் நகரத்து ஆஸ்பத்திரிக்கு இறங்கிவிட வேண்டுமென்றும், வயிற்றைத் திறந்துதான் எடுக்க வேண்டியிருக்கும் என்றும் ஊர் கிளினிக் நர்ஸ் சொல்லிவிட்டாள். வாரத்துக்கு ஒரு நாள் புல்வெளியில் வந்து இறங்கும் சின்ன விமானத்தில் கடைசி மாதக்காரிகளை ஏற்றுவதில்லை. ஆள் ஏற்றும் வாடகை வண்டிகளும் வருவதை நிறுத்திவிட்டன. கம்பெனி போகும்போது துகாய் ஆற்றுப் பாலத்தின் இரும்பு உத்தரங்களைக் கழற்றிக் கீழே எடுத்துப் போய்விட்டது. இனி ஆற்றில் இறங்கித்தான் ஏற வேண்டும். புது வண்டி வைத்திருப்பவன் எவன் ஆற்றில் இறக்குவான்? ஆக, இருந்தது இந்தப் பதினேழாம் நம்பர் ஒன்றுதான்.

முன் ஷாஃப்ட் ஒரு பள்ளத்தில் கிடைத்தது. பல வருஷத்துக்கு முன் கவிழ்ந்து கொடி மூடிக் கிடந்த வண்டி. அரை நாள் கொடியை வெட்டி, மலைப்பாம்பு ஒன்றை மரியாதையாக வழியனுப்பிவிட்டுக் கழற்றினார்கள். வண்டியைத் தூக்கி நிறுத்த, செத்துப்போன லாரியின் வில்தட்டுகளில் பக்கத்துக்கு இரண்டைச் செருகினார்கள். எஞ்சின் மூச்சுவிடும் வாயைத் தண்ணீருக்கு மேலே கொண்டுவர, ஊற்றிலிருந்து ஊருக்குத் தண்ணீர் வரும் கறுப்புக் குழாயில் மிச்சமிருந்ததை வளைத்துக் கூரை வரைக்கும் ஏற்றினான் அகோங். அச்சுப் பெட்டிகளுக்குள் ஆற்றுத் தண்ணீர் போகாதிருக்க அவற்றுக்கும் மெல்லிய குழாய் வேண்டும். நர்ஸ் குளுக்கோஸ் ஏற்றும் குழாயைக் கொடுத்தாள்.

"வண்டிக்கு டிரிப்ஸ் போட்டாச்சு. இனி பொழச்சிக்கும்" என்றான் அகோங்.

ஞாயிற்றுக்கிழமை அந்த ஊரில் யாரும் ஸ்பானரைத் தொடமாட்டார்கள். கோயிலில் ஜெபம் முடிந்து வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் லாபோ ஜீப்புக்கு எதிரே ஒரு கட்டையைப் போட்டு உட்கார்ந்திருந்தான். பின் சக்கரத்தில் ஒரு நட்டு லூசாக இருப்பது அவன் கண்ணுக்குத் தெரிந்தது. கை நமநமவென்றது. ரினிங் இலையில் பொதிந்த குழைசோற்றைக் கொண்டுவந்து மடியில் வைத்தாள்.

"பாத்துப் பாத்தே இறுக்கிருவ போலிருக்கு" என்றாள்.

"நாளைக்கு முடிஞ்சிரும். செவ்வாக்கெழம எறங்கிரலாம்."

அவள் வண்டியைப் பார்க்காமல் களஞ்சியத்தின் பக்கம் திரும்பி நின்றாள். பிறகு, "அந்த நம்பரோட நான் ஏறமாட்டேன்" என்றாள்.

லாபோ சோற்றை அப்படியே வைத்துவிட்டான். அவள் சொல்லியிருக்கவே வேண்டாம், தனக்கே தோன்றியிருக்க வேண்டும் என்று வெட்கமாக இருந்தது.

ஆறு வருஷத்துக்கு முன்னால், முதல் குழந்தைக்கு, இதே பதினேழாம் நம்பரில்தான் அவளை இறக்கினார்கள். கம்பெனி டிரைவர் ஓட்டினான். மரக் கம்பெனி ரோட்டில் எல்லா வண்டியும் ரேடியோவில் சொல்லிக்கொண்டே போக வேண்டும்: நம்பர், லோடா காலியா, ஏறுகிறதா இறங்குகிறதா. மரம் இருந்தால் லோடு. மரம் இல்லாத எதுவும் காலி. ஆள் நிறைய இருந்தாலும் காலிதான். லோடு வரும்போது காலி ஓரங்கட்டி நிற்க வேண்டும். அன்று வெயில் நல்ல வெயில், வெட்டிய மரத்தையெல்லாம் ஒரே நாளில் இறக்கினார்கள். லாரி போய்க்கொண்டே இருந்தது. பதினேழாம் நம்பர் ஓரத்தில் நின்றுகொண்டே இருந்தது. குழந்தை அங்கேயே பிறந்தது. அழவில்லை.

திங்கட்கிழமை கதவைத் தேய்த்து நம்பரை அழிக்க நேரமில்லை. கோயில் கூரைக்கு அடித்து மிச்சமிருந்த நீலத்தை வாங்கி வந்து, அந்த வெள்ளை நம்பரின் மேலேயே இரண்டு கை பூசினான் லாபோ. இரண்டாவது கை காய்ந்ததும் நம்பர் இருந்த இடமே தெரியவில்லை. ரினிங் வந்து, கதவை உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள். "நல்லாருக்கு. மழைக்கு முந்தின வானம் மாதிரி இல்ல, அதான் நல்லாருக்கு" என்றாள்.

செவ்வாய்க்கிழமை புறப்பட்டார்கள். பின்னால் பாயும் மெத்தையும் போட்டு ரினிங்கைப் படுக்க வைத்திருந்தார்கள். பக்கத்து வீட்டுப் பெண்கள் கொடுத்த அரிசி, உப்பு, அன்னாசிப்பழம் எல்லாம் அவள் காலடியில் கிடந்தன. "ஆஸ்பத்திரிக்குப் போறேனா, கட கட்டப் போறேனா?" என்று அவள் கேட்டாள்.

துகாய் ஆறு செம்மண் நிறத்தில் ஓடியது. பாலம் இருந்த இடத்தில் இரண்டு கரையிலும் கட்டைகள் மட்டும் நின்றன. அகோங் கழியோடு இறங்கினான். நடு ஆற்றில் தண்ணீர் அவன் இடுப்புக்கு வந்தது. காலால் பாறைகளைத் துழாவி வழி பார்த்துத் திரும்பினான். லாபோ பானெட்டைத் திறந்து காற்றாடியின் பெல்ட்டைக் கழற்றினான். பெல்ட் இருந்தால் காற்றாடி சுற்றித் தண்ணீரை வாரி எஞ்சின் மேல் அடிக்கும், வண்டி நடுவிலேயே நின்றுவிடும். முன்முகத்தைக் கான்வாஸால் மூடிக் கட்டினான். பெல்ட்டை அகோங் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டான்.

"மாப்பிள்ள ரெடி. ஓட்டு."

லாபோ முன்சக்கரங்களையும் பூட்டி, தாழ்ந்த கியரில் போட்டு, ஆக்ஸிலேட்டரை ஒரே மட்டத்தில் அழுத்தியபடி இறக்கினான். தண்ணீர் கதவுக்கு வந்தது. காலுக்குக் கீழே ஒட்டுப்போட்ட தகரத்தின் விளிம்பில் கசிந்து குளிர்ந்தது. ஒரு பாறையில் முன்சக்கரம் ஏறி வழுக்கி வண்டி பக்கவாட்டில் சாய்ந்தபோது ரினிங் கூரைக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பள்ளத்திலிருந்து எடுத்த ஷாஃப்ட் முனகியது, பிறகு பிடித்து இழுத்தது. எருமை கரையேறுவது போல் தலையைத் தூக்கிக்கொண்டு ஏறியது வண்டி.

கரையில் நின்று லாபோ ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டான். கண்ணில் தண்ணீர் வந்தது. சந்தோஷம்தான். பின்னாலிருந்து ரினிங் கையை நீட்டி அவன் காதைப் பிடித்துத் திருகினாள். "ஓட்டிட்டியே" என்றாள்.

"கெளம்பலாம்" என்று ஸ்டார்ட் பண்ணப் போனவனை அகோங் ஜன்னலில் தட்டி நிறுத்தினான். "மாலைய யாரு கழட்டுறது? பெல்ட் இல்லாமப் போனா மேடு ஏறறதுக்குள்ள எஞ்சின் வெந்துரும்."

மழை பிடித்துக்கொண்ட நேரத்தில் கம்பெனியின் புது முகாமுக்கு வந்தார்கள். ரோட்டின் குறுக்கே சங்கிலி. பக்கத்தில் தகரக் குடிசை, கம்பத்தில் ஒரு கேமரா. லாபோ ஹாரன் அடித்தான். பழைய முகாமில் இதே மாதிரிச் சங்கிலியைத் தாண்டி எத்தனையோ தடவை போயிருக்கிறான். வண்டியைக் கண்டதும் அது தானே இறங்கும். தன்னை நிறுத்தும் என்று அவன் நினைத்ததே இல்லை.

குடிசையிலிருந்து பாலாங் வந்தான். ரினிங்கின் சித்தி மகன். மழைக் கோட்டுக்குள்ளிருந்து முகத்தை நீட்டி, "அக்கா எப்படி இருக்கா?" என்று கேட்டான். சங்கிலியைத் தொடவில்லை.

"வயித்த இறுக்குதுன்னு சொல்றா. தொற."

"பெர்மிட் இருக்கா, அண்ணே?"

"என்ன பெர்மிட்?"

"கம்பெனி நம்பர் இருக்கற வண்டி போகலாம். வெளி வண்டின்னா நகரத்து ஆபீஸ்ல எழுதிக் குடுத்து பெர்மிட் வாங்கணும். இப்ப அப்படித்தான்."

"பாலாங், இது பதினேழு. நீயே இதுக்கு டீசல் ஊத்தியிருக்க."

"எனக்குத் தெரியும்ணே. அதுக்குத் தெரியாதே" என்று பாலாங் கேமராவைப் பார்க்காமல் தாடையால் காட்டினான். "போன மாசம் ஒருத்தனுக்கு எரக்கப்பட்டுத் தொறந்தான் தாகால், என்கூட காவல் இருந்தவன். மறுநாளே அனுப்பிட்டாங்க. எனக்கு மூணு புள்ளைங்க."

அகோங் இறங்கிப் போய்ச் சங்கிலியை உதைத்தான். "இந்த ரோட்ட யாருடா போட்டா?"

பாலாங் குடிசைக்குள் போய் ரேடியோவில் பேசினான். லாபோவுக்கு இங்கிருந்தே கேட்டது. வண்டி நம்பர் என்ன என்று ஆபீஸ் கேட்டது. நிறைமாதப் பெண் என்று பாலாங் சொன்னான். அது சரி, நம்பர் என்ன என்று ஆபீஸ் திரும்பக் கேட்டது.

பாலாங் திரும்பி வந்து நீலக் கதவுக்கு எதிரே நின்றான். மழை அவன் மூக்கு நுனியில் சொட்டியது. "நம்பர் வெளிய தெரிஞ்சா போதும்ணே. ஒண்ணும் கேக்க மாட்டாங்க" என்று தாழ்ந்த குரலில் சொன்னான்.

லாபோ ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தான். பின்னால் திரும்பிப் பார்க்க அவனுக்கு மனம் வரவில்லை. ஆற்றைக் கடந்த வண்டி. அந்த மேட்டையெல்லாம் ஏறிய வண்டி. இப்போது என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. தெரிந்ததைச் செய்யவும் முடியவில்லை.

"சொரண்டு" என்றாள் ரினிங்.

"வேற வழி பாக்கலாம். நான் ஆபீசுக்கே போயி..."

"வலி எடுத்துருச்சு, லாபோ. சொரண்டு. நான் அந்தப் பக்கம் பாக்கல."

அவள் மறுபக்கத் தகரத்தைப் பார்க்கத் திரும்பிப் படுத்தாள். லாபோ இறங்கி, இடுப்புக் கத்தியை உருவி, கதவின் முன்னால் மண்டியிட்டான். கூரைக்கு அடிக்கும் பெயிண்ட், மலை மழையைத் தாங்கச் செய்தது. லேசில் உரியவில்லை. கத்தியைச் சாய்த்து, கீழே இருக்கும் வெள்ளை போய்விடாதபடி பதமாகச் சுரண்ட வேண்டியிருந்தது. நீலம் சுருள் சுருளாக உரிந்து அவன் தொடையில் விழுந்தது. முதலில் ஒன்று வந்தது. ஏழின் மேல்கோடு வர நேரம் பிடித்தது. கதவுக்கு அந்தப் பக்கம், ஒரு தகரம் தள்ளி, ரினிங் அந்தச் சத்தத்தைக் கேட்டபடி பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். அகோங் தன் சட்டையைக் கழற்றி, மழையில் லாபோவின் கை வழுக்காமலிருக்க மேலே பிடித்துக்கொண்டு நின்றான்.

ஏழு முழுதாகத் தெரிந்ததும் பாலாங் ரேடியோவை வாயருகே கொண்டுபோனான்.

"பதினேழு. காலி. இறங்குது" என்றான்.

சங்கிலி சேற்றில் விழுந்தது.

முதல் வளைவைத் தாண்டுவதற்குள் பின்னாலிருந்து ஹாரன் வந்தது. நீளமான, ஒரே அழுத்தான ஹாரன். கண்ணாடியில் இரண்டு விளக்குகள் பெரிதாகிக்கொண்டு வந்தன. லாபோவின் கை அவனைக் கேட்காமலே ஸ்டியரிங்கை ஓரத்துக்குத் திருப்பியது. வண்டி பள்ளத்தை ஒட்டிய சேற்றில் போய் நின்றது.

"எதுக்கு நின்னோம்?" என்றாள் ரினிங்.

லாரி அவர்களை உரசிக்கொண்டு போயிற்று. வெட்டிய மரங்கள், ஒவ்வொன்றின் முகத்திலும் வெள்ளையில் எழுதிய ஒரு நம்பர். அதற்குப் பின்னால் இன்னொரு லாரியின் விளக்கு தெரிந்தது.