லைன்மேனின் பிளாஸ்டிக் சட்டை

லைன்மேனின் உடம்பில் ஏறிய மின்சாரம் இறங்கவே இல்லை. கம்பத்தில் வேலை செய்யும்போது அடித்தது. அவர் பாட்டுக்கு இறங்கி வந்து, டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போனார். கதவுத் தாழ்ப்பாளைத் தொட்டதும் தெருவிளக்குகள் பட்டப்பகலில் எரிந்தன. அன்றிலிருந்து உடம்பும் கொதித்தபடியே இருந்தது. டாக்டர் தொடாமலே பார்த்துவிட்டு, சாப்பாடும் தூக்கமும் சரியாக இருந்தால் கவலை வேண்டாம் என்றார். தெருக்காரர்கள் ஒரு வாரம் வாயைப் பிளந்தார்கள். பிறகு போன் சார்ஜ் போட வந்தார்கள். அவருடைய தங்கை, “அண்ணா, கைய நீட்டு, பேட்டரி சாகப்போகுது” என்று ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு உரிமையோடு ஒயரை அவர் விரலில் சுற்றிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள்.

எல்லாருக்கும் பழகிவிட்டது, அவருடைய மகளைத் தவிர. அப்போதுதான் அவள் ஓடவும் பேசவும் தொடங்கியிருந்தாள். அப்பா மடிதான் வேண்டும் என்று கையை விரித்துக்கொண்டு வருவாள்; தொட்டால் தூக்கியடிக்கும் என்று அவர் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்வார்.

லைன்மேனின் மனைவிக்குப் பிளாஸ்டிக் ஆலையில் கலவை வேலை. எல்லாருக்கும் அவள் கலவையக்கா. தண்ணீர் பாட்டில் செய்கிற பாலியெஸ்டர் பிளாஸ்டிக் ஒன்று, பிளக் செய்கிற பாலியெஸ்டர் இன்னொன்று. முன்னதை உருக்க அதிகச் சூடு வேண்டும். பின்னது மின்சாரத்தை நன்றாக மறிக்கும், ஆனால் சூட்டில் சீக்கிரம் தளர்ந்துவிடும். இரண்டையும் ஈரம் போகக் காயவைத்து, உருக்கிச் சேர்ப்பாள். ஈரம் இருந்தால் பிஸ்கட் மாதிரி நொறுங்கும். அவள் கைபட்ட கலவை நொறுங்கியதாகச் சரித்திரமே இல்லை. என்ன கை அது!

அந்தக் கையால் மெல்லிய தாளாக இழுத்து, புருஷனுக்கு ஒரு முழுக்கைச் சட்டை செய்தாள். மின்சாரம் நின்றது, கூடவே உடம்புச் சூடும். மகள் ஓடிவந்து மடியில் ஏறினாள். சற்று நேரம் உட்கார்ந்துவிட்டு, கன்னத்தை வைத்துப் பார்த்துவிட்டு இறங்கிவிட்டாள்.

“இது அப்பா இல்ல. வாளி.”

லைன்மேன் சிரித்தார். சிரித்தபடியே கொல்லைப்புறம் போனவர் வெகுநேரம் உள்ளே வரவில்லை.

மறுநாள் கலவையக்கா ஆலையின் சோதனைக்கூடத்து மேடத்திடம் போய் நின்றாள். “கரண்ட் வரக்கூடாது மேடம். சூடு மட்டும் வரணும். முடியுமா?”

“ரெண்டும் சேர்ந்துதான் போகும், சேர்ந்துதான் நிக்கும்,” என்றார் மேடம். கலவையக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு, “சரி, முயற்சி பண்ணுவோம்” என்று சேர்த்துக்கொண்டார். நல்ல மனுஷி. சூட்டைக் கடத்தும் வெள்ளைப் பொடி ஒன்றைக் கலந்து பார்த்தார்கள். குறைத்துப் போட்டால் பழைய வாளிதான். கூட்டிப் போட்டால் சட்டை ஓடு மாதிரி உடைந்தது. இப்படியே வருஷங்கள் ஓடின. மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டாள்.

வாளிச் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்ட லைன்மேன் ஆலைப் பக்கம் வந்தால் மோட்டார்கள் நின்று, ஹீட்டர்கள் மட்டும் கூடுதலாகச் சிவக்கும். அதனால் காவலாளி அவரைச் சாலையின் எதிர்ச்சாரியிலேயே நிறுத்திவைப்பார். ஒருநாள் காவலாளி டீக்குப் போயிருந்த சமயம், அவர் கேட் வரைக்கும் வந்துவிட்டார். கலவையக்கா ஓடினாள்.

“பாப்பா இன்னிக்குப் பக்கத்து வீட்டுக்காரர் மடியில உக்காந்து கதை கேட்டா,” என்றார். “என்னப் பாத்தா. எழுந்திரிக்கல.”

“குழந்தைதானே. மனசுல வச்சுக்காதீங்க.”

“வச்சுக்கல. உன்கிட்ட சொல்லணும்னு தோணுச்சு.”

கேட்டுக்கு இந்தப் பக்கம் அவளும் அந்தப் பக்கம் அவருமாகப் பேசிக்கொண்டே நின்றார்கள். உருக்கிய கலவையைக் குழாயில் தேங்கவிடக் கூடாது, இயந்திரம் நின்றால் உடனே வெளியே தள்ளிவிட வேண்டும் என்பது ஆலையின் முதல் பாடம். ஊருக்கே அதைச் சொல்லிக்கொடுத்தவள் சுத்தமாக மறந்துபோனாள்.

திரும்பி வந்து குழாயைத் திறந்தால், கலவை தேன் நிறத்தில் வழிந்தது. “சூட்டுல ரொம்ப நேரம் கெடந்தா ரெண்டு பிளாஸ்டிக்கும் கைகால மாத்திக்கும்கா. இனி எது எதுன்னு பிரிக்க முடியாது. வீண்தான்” என்றபடி மேடம் ஒரு துண்டை எடுத்துச் சோதித்தார். மின்சாரம் துளிகூடத் தாண்டவில்லை. சூடு, நடுவில் ஒன்றுமே இல்லாதது போலக் கடந்துபோனது. மேடம் மறுபடியும் சோதித்தார். “நான் படிச்ச எதுலயும் இது இல்ல. ஆனா இருக்கே!” என்று கலவையக்காவைக் கட்டிக்கொண்டார்.

அதன்பிறகு எத்தனையோ தரம் கலவையைக் குழாயில் தேங்கவிட்டுப் பார்த்தார்கள். லைன்மேன் கேட்டில் வந்து நின்று, அவரும் மனைவியும் மனம்விட்டுப் பேசினாலொழிய அந்தக் கலவை அமையவில்லை. ஆலை நிர்வாகம் இதையும் ஒரு வேலைமுறையாக எடுத்துக்கொண்டு, கேட்டருகே இரண்டு நாற்காலி போட்டது. காவலாளி அவருக்கும் சேர்த்து டீ வாங்கி வந்தார்.

விடுமுறை நாள் ஒன்றின் மதியம். லைன்மேன் தேன்நிறச் சட்டையோடு பாயில் படுத்திருந்தார். மகள் அவர் மேல் காலைப் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். கலவையக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“அப்பா, கொதிக்குதுப்பா. கொஞ்சம் தள்ளிப் படேன்,” என்றாள் மகள், கண்ணைத் திறக்காமலே.

கலவையக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. லைன்மேன் மனைவியைப் பார்த்துக்கொண்டே மகள் சொன்னபடியே நகர்ந்து படுத்தார். மகள் தூக்கத்திலேயே உருண்டு வந்து மறுபடியும் அவரோடு ஒட்டிக்கொண்டாள்.