காரணம்: வீடு மாறுதல்

மத்தியானம் ஒரு மணிக்கு ஜடையனின் போன் அடித்தால் அது பள்ளிக்கூடத்திலிருந்துதான். அந்த மாதத்தில் அது ஆறாவது தடவை.

"பிரதிபா இன்னிக்கும் வெளியே போயிட்டா," என்றார் தலைமையாசிரியை லக்ஷ்மம்மா. "நாளைக்குக் காலைல நீங்க வாங்க, பேசலாம்."

"சரிங்க மிஸ்," என்றான் ஜடையன். மண்டி மொஹல்லாவில் ஒரு மளிகை மொத்தக் கடைக்குச் சரக்கு ஆட்டோ ஓட்டுகிறவன் அவன். வண்டியில் வெல்ல மூட்டைகள் இருந்தன. போய் இறக்கினான். சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது மகள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். எங்கே போனாய் என்று அவன் கேட்கவில்லை. கோபமும் வரவில்லை, பயமும் வரவில்லை. சோறு இருந்தது, சாப்பிட்டான்.

அவன் மனைவி அஞ்சலை செத்து நாலு மாதமாகியிருந்தது. டெங்கு என்றார்கள்; ஆறே நாளில் முடிந்துபோனது. சொந்த ஊரான மார்டள்ளியிலிருந்து சொந்தக்காரர்கள் வந்து அழுதார்கள். ஜடையனுக்கு மட்டும் அழுகை வரவில்லை. காரியம் முடிந்த மறுநாள் வண்டியை எடுத்தான். அன்றிலிருந்து அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தான்.

அந்த அரசுப் பள்ளியில் மத்தியானச் சாப்பாடு சமைத்தவள் அஞ்சலை. ஒன்பது வருஷம். பிரதிபா ஒன்றாம் வகுப்பிலிருந்து ஏழாம் வகுப்பு வரைக்கும் அம்மா கையால்தான் தட்டு நீட்டி வாங்கித் தின்றாள்.

மறுநாள் லக்ஷ்மம்மா அவனை எதிரே உட்காரச் சொன்னார். கன்னடப் பள்ளியானாலும் அவருக்கு வீட்டில் தமிழ்தான்.

"புதுசா வந்திருக்கற அம்மா நல்லவங்கதான், ஜடையன். இவளுக்குன்னு ஒரு கரண்டி சேர்த்தே போடறாங்க. இவ தட்டை வெச்சிட்டு எழுந்து போயிடறா. நான் திட்டவா முடியும்?"

"வேற பள்ளிக்கூடத்துக்கு மாத்திரலாமுங்களா?"

"மாத்தலாம். ஆனா வருஷ நடுவுல சும்மா டிசி குடுக்க முடியாது. போற ஸ்கூல்ல இடம் இருக்குன்னு ஒரு லெட்டர் வாங்கிட்டு வாங்க. அப்பறம் காரணம் போட்டு ஒரு அர்ஜி எழுதணும். ரெண்டையும் பி.இ.ஓ. ஆபீஸ்ல குடுங்க. அவங்க ஒத்துண்டா நான் டிசி குடுத்துடறேன்."

கடையின் கிடங்கு மேட்டகள்ளியில் இருந்தது. அதற்கு இரண்டு தெரு தள்ளி ஒரு அரசுப் பள்ளி. ஜடையன் சரக்கு இறக்கப் போனபோது அங்கே நுழைந்து கேட்டான். ஏழாம் வகுப்பில் இடம் இருந்தது. தலைமையாசிரியர் கடிதத்தை அப்போதே எழுதிச் சீல் வைத்துக் கொடுத்தார்.

விண்ணப்பத்தைக் கன்னடத்தில் எழுதுவதுதான் பாடாயிருந்தது. ஜடையன் கன்னடம் பேசுவான். படிக்கவோ எழுதவோ தெரியாது. மகளையே எழுதச் சொன்னான். அவள் நோட்டிலிருந்து நடுத்தாளைக் கிழித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"காரணம் என்ன எழுதறது?" என்றாள்.

ஜடையன் வாயைத் திறந்தான். 'அங்க உங்கம்மா சமைச்சா' என்று சொல்ல வேண்டும். அந்த மூணு சொல்லும் வெளியே வரவில்லை.

"நீயே பாத்து எழுது, அம்மிணி."

அவள் எழுதினாள். அவன் கீழே கையெழுத்துப் போட்டான்.

வட்டாரக் கல்வி அலுவலகத்தில் மஞ்சுநாத் என்ற குமாஸ்தா அந்தத் தாளை வாங்கிப் படித்தார். ஜடையனும் பிரதிபாவும் மேசைக்கு முன்னால் நின்றார்கள்.

"காரணம், வீடு மாறுதல்," என்று கன்னடத்தில் வாசித்தார் அவர். "சரி. புது வீட்டு வாடகைப் பத்திரம் எங்கே?"

"வீடு மாறலையே சார்," என்றான் ஜடையன்.

"இதில் அப்படித்தானே எழுதியிருக்கிறது?"

ஜடையன் மகளைப் பார்த்தான். அவள் மேசைக்காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மஞ்சுநாத் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தார். குரலை உயர்த்தவில்லை. "பத்திரம் கொண்டு வாருங்கள். இல்லையென்றால் உண்மையான காரணத்தை எழுதிக் கொண்டு வாருங்கள். எதுவானாலும் பார்க்கலாம்."

வெளியே படிக்கட்டில் இருவரும் உட்கார்ந்தார்கள்.

"ஏன் அப்படி எழுதுன?"

பிரதிபா செருப்பு நுனியால் தரையைக் கீறினாள். "ஸ்கூல்லேர்ந்து நான் எங்க போறேன்னு நீ கேக்கவே இல்லப்பா."

"வீட்டுக்குத்தான?"

"வீட்டுக்குத்தான் போவேன். பூட்டைத் தொறப்பேன். உள்ள போக முடியாது. அம்மா படுத்திருந்த எடம்தான் நேரா தெரியும். வாசல்லயே உக்காந்திருப்பேன், நாலு மணி வரைக்கும். அப்பறம் நீ வர்றதுக்குள்ள ஓடிப்போய்ப் பாத்திரம் தேய்ப்பேன். ஸ்கூல் மட்டும் மாத்தினா போதாதுப்பா. அந்த வீடு பேடா, வேணாம்."

ஜடையன் கேட்டுக்கொண்டிருந்தான். இதைக் கேட்டு அப்பனுக்கு நெஞ்சு வலிக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்தது. வலிக்கவில்லை. கையை எடுத்து அவள் தலையில் வைத்தான். அது வேறு யாருடைய கையோ போல அங்கே கொஞ்ச நேரம் இருந்தது.

"சரி. மாறிரலாம்," என்றான்.

பத்து நாளில் மேட்டகள்ளியில் ஒரு அறையும் சமையல்கட்டும் உள்ள வீடு கிடைத்தது. கடை முதலாளி ஒருநாள் லீவு கொடுத்தார். சாமான் எல்லாம் சரக்கு ஆட்டோவில் இரண்டு நடையில் அடங்கிவிட்டது. அஞ்சலையின் புடவைகளைப் பிரதிபா மடித்து ஒரு பையில் வைத்தாள். கட்டிலை மட்டும் ஜடையன் பக்கத்து வீட்டாருக்குக் கொடுத்துவிட்டான். காலியான அறையில் நின்று ஒருதரம் சுற்றிப் பார்த்தான். சுவரில் ஆணிகள் இருந்தன. சாவியை வீட்டுக்காரரிடம் கொடுத்தான்.

பத்திரத்தைப் பார்த்ததும் மஞ்சுநாத் மறுபேச்சில்லாமல் முத்திரை வைத்தார். லக்ஷ்மம்மா டிசியைக் கையில் கொடுக்கும்போது பிரதிபாவின் கன்னத்தைத் தொட்டார். "நன்னா படி," என்றார்.

புதுப் பள்ளியில் தலைமையாசிரியர் பெரிய ரிஜிஸ்டரைத் திறந்து விவரங்களை எழுதினார். அப்பா பெயர், அம்மா பெயர், வீட்டு விலாசம். பிறகு தலைநிமிர்ந்து, "சனிக்கிழமை பெற்றோர் கூட்டம் இருக்கிறது. நீங்கள் வேலைக்குப் போகிறவர், அம்மாவை அனுப்புங்கள்," என்றார் கன்னடத்தில்.

ஜடையன் தலையாட்டப் போனான்.

"எங்க அம்மா செத்துப் போயிட்டாங்க சார்," என்றாள் பிரதிபா, அதே கன்னடத்தில், தெளிவாக. "ஆகஸ்டுல. அப்பா வருவார்."

அந்தச் சொல்லை அவர்கள் வீட்டில் இதுவரை யாரும் சொன்னதில்லை. ஜடையனுக்கு அது தெரியாத குடும்பத்தின் செய்தி போலக் காதில் விழுந்தது. தலைமையாசிரியர் பேனாவை மூடி வைத்துவிட்டு அவனைப் பார்த்தார்.

"வரேன் சார்," என்றான் ஜடையன். "சனிக்கிழமை எத்தனை மணிக்குங்க?"

பத்தரை என்றார். பிரதிபா புத்தகப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வகுப்பைத் தேடிப் போனாள். ஜடையன் வெளியே வந்தான். வண்டியில் ஏறிச் சாவியைத் திருகினான், கை நடுங்கியது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு வண்டியைக் கிளப்பாமல், ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்தபடி, நடுக்கம் நிற்கட்டும் என்று உட்கார்ந்திருந்தான்.