சிங்கப்பூரில் ராகு காலம்

1

இந்தக் கதை பிறந்தது என் சோம்பலில். வேறொரு கட்டுரை எழுத உட்கார்ந்தவன், மனசு ஓடாமல், சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு விமானத்தில் எவ்வளவு தூரம் என்று தேடிக்கொண்டிருந்தேன். ஏறக்குறைய இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம் கிலோமீட்டர், நாலு மணி நேரம். அடடா, கதை கிடைத்துவிட்டது என்று துள்ளினேன். நான் துள்ளினாலே வாசகருக்குக் கஷ்டகாலம்.

முதல் வரி: 1960-ல் தாட்சாயணி ரேணிகுண்டாவில் விமானம் ஏறி… (அப்போது அங்கே ஏது பயணிகள் விமானம்? அடித்தாயிற்று.)

இரண்டாம் வரி: நாலே மணி நேரத்தில் சிங்கப்பூரில்… (இன்றைய ஜெட்டுக்குச் சரி. அன்றைய விசிறி விமானத்துக்குக் கிட்டத்தட்ட இரண்டு பங்கு. இதையும் அடி.)

2

தாட்சாயணி ரேணிகுண்டாவுக்குப் பக்கத்துப் புத்தூர்க்காரி. கல்யாணமான மறுமாதமே கணவன் கோவர்த்தனன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனான், நாலு வருஷமாயிற்று. இப்போது கம்பெனி வீடு தருகிறது. மாதக் கடைசிக்குள் மனைவி வந்து சேராவிட்டால் வீடு அடுத்தவனுக்கு. கப்பல் அதற்குள் போய்ச் சேராது என்று மெட்ராஸிலிருந்து விமான டிக்கெட்டே எடுத்துவிட்டான். (எந்தக் கம்பெனி இப்படி அவசரப்படும் என்று கேட்காதீர்கள். எனக்கு அவளை விமானத்தில் ஏற்றியாக வேண்டும்.)

தடை, மாமியார் செங்கம்மா. ராகு காலத்தில் அந்த வீட்டில் தயிர்கூடக் கடைய மாட்டார்கள். அந்த 1960 ஏப்ரலில் மாநில எல்லை முடிவாகி, திருத்தணி சென்னை மாநிலத்தோடு போக, புத்தூர் ஆந்திரத்திலேயே நின்றது. தமிழ்க் குடும்பங்கள் முணுமுணுத்தன. செங்கம்மா காரியமாக யோசித்தார்.

"இனிமே நாம ஆந்திராக்காரங்க. வர்ஜ்யமும் பாத்துத்தான் கெளம்பணும்" என்றார்.

வர்ஜ்யம் தெலுங்குப் பஞ்சாங்கம் சொல்லும் கெட்ட நேரம். தினமும் இடம் மாறும். அத்தோடு விட்டாரா? இறங்கும்போதும் நல்ல நேரமாக இருக்க வேண்டுமாம். அங்கே கடிகாரம் இரண்டு மணி முன்னால் என்று சொன்னதும், ராகு எந்த ஊர்க் கடிகாரத்தைப் பார்ப்பான் என்று கேட்டார்.

எனக்கும் தெரியவில்லை. விரல்விட்டு எண்ணினேன். இங்கே நல்லதென்றால் அங்கே ராகு. அங்கே நல்லதென்றால் இங்கே வர்ஜ்யம். கதாநாயகி பெட்டியோடு வாசலில் நிற்க, நான் கூட்டல் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன். வெட்கக்கேடு.

3

முடிவுகள் தயாராக வைத்திருந்தேன். (அ) விமானம் தாமதமாகி நல்ல நேரத்தில் இறங்குகிறது. (ஆ) சிங்கப்பூருக்கு மேலே அரைமணி வட்டமடிக்கிறது. (இ) செங்கம்மா மனம் மாறி…

முடிக்கவில்லை. தாட்சாயணி குறுக்கே பேசிவிட்டாள்.

"அவரு மொகமே எனக்கு மறந்துக்கினு வருது அத்தே. இத்தவிடக் கெட்ட நேரம் எந்தப் பஞ்சாங்கத்துல கீது?"

செங்கம்மாவுக்கு அவன் ஒரே மகன். நாலு வருஷமாக அவரும் பார்க்கவில்லை. "ரயிலு எத்தினி மணிக்கு?" என்றார்.

4

எழுதியதைப் புரட்டிப் பார்த்தேன். பாழாய்ப் போக, மெட்ராஸ் ரயிலைச் சரியாக ராகு காலத்தில் விட்டிருக்கிறேன். ஒரு கோடு போட்டு மாற்றிவிடலாம். அதற்குள் மாமியாரே பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்துத் தூக்கிவிட்டார். இருவரும் ஸ்டேஷனுக்கு நடக்கிறார்கள்.

எப்போது இறங்கினாள், அவன் வந்து நின்றானா, பார்த்ததும் அடையாளம் தெரிந்ததா, எல்லாம் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டுப் பயனில்லை. இத்தனை கணக்குப் போட்டவன், அவன் முகம் எப்படியிருக்கும் என்று ஒரு வரிகூட எழுதவில்லை.