கடைசிப் படகு

சுற்றுலா வருகிறவர்களை ஆற்றில் படகோட்டக் கூட்டிப்போவது எங்கள் தொழில். அதில் எங்களுக்கு இரண்டே இடம்தான். முன்னால் போகிறவர் ஆற்றைக் காட்டிப் பேச வேண்டும். கடைசியில் வருகிறவர் யாரும் விடுபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எனக்கு வாய் நீளம், அதனால் முன்படகு எனக்கு. என் வீட்டுக்காரருக்குக் கடைசிப் படகு. வீட்டிலும் ஏறக்குறைய அப்படித்தான்.

ஒவ்வொரு வளைவிலும் துடுப்பைத் தலைக்கு மேல் உயர்த்தித் திரும்பிப் பார்ப்பேன். அவரும் உயர்த்துவார். எல்லாரும் வந்தாச்சு என்று அர்த்தம். மாலையில் படகுகளைக் கழுவும்போது, "இன்னைக்கு எப்படிப் பேசினேன்?" என்று கேட்பேன். "பிரமாதம்" என்பார். வருடக்கணக்காக அதே பிரமாதம். வேறு வார்த்தையே தெரியாதா என்று சண்டைகூடப் போட்டிருக்கிறேன்.

அவர் போய்ச் சேர்ந்த பிறகு இது முதல் பயணம். "தனியா உன்னால முடியாதும்மா. படகுக் கொட்டகையைப் பூட்டிட்டு என்கூட வந்துடு" என்றாள் மகள். ஒரே ஒரு தடவை போய்ப் பார்க்கிறேன், சரிப்படாவிட்டால் சாவியை உன்னிடமே கொடுத்துவிடுகிறேன் என்றேன். அவள் படகுத்துறையில் கைகட்டி நின்றாள். இந்த ஆற்றை விட்டால் எனக்கு வேறு நாதியில்லை என்பது அவளுக்கு எங்கே புரியப்போகிறது?

வந்தவர்கள் ஐந்து பேர், ஆளுக்கொரு கயாக், ஒருவர் மட்டும் உட்காரும் சிறு படகு. அவர்களில் ஒருவர் பல் டாக்டர், ஒருவர் கண்ணாடிக்காரர். பேச்சு தானாக வந்தது. கரை மண்ணில் மீன்கொத்தியின் பொந்தைக் காட்டினேன். "வாசல்ல வெள்ளையா வழிஞ்சிருக்கு பாருங்க, அது எச்சம். உள்ள குஞ்சு இருக்குன்னு அர்த்தம்."

முதல் வளைவில் துடுப்பை உயர்த்தினேன். திரும்பவில்லை. திரும்பினால் அவர் இல்லை என்பது தெரிந்துவிடும். இரண்டாவது வளைவிலும் திரும்பவில்லை.

"மேடம், கண்ணாடிக்காரரைக் காணோமே?" என்றார் பக்கத்தில் வந்த டாக்டர்.

மற்றவர்களை அங்கேயே நிறுத்திவிட்டு, வந்த வழியே வேகமாகத் துடுப்பு வலித்தேன். கண்ணாடிக்காரர் நாணலுக்குள் படகு சிக்கிப்போய் உட்கார்ந்திருந்தார்.

"ஒரு குரல் கொடுத்திருக்கலாமே?"

"ரெண்டு மூணு தடவை கத்தினேங்க. கேக்கல போல. சரி, எப்படியும் திரும்பிப் பாப்பீங்கன்னு உட்காந்துட்டேன்."

அவர் படகை நாணலிலிருந்து வெளியே இழுத்துவிட்டேன்.

திரும்பும்போது டாக்டரை முன்னால் போகச் சொன்னேன். "நான் சொன்னதையே நீங்க சொல்லிட்டுப் போங்க டாக்டர். வளைவுல மட்டும் மறக்காம திரும்பிப் பாருங்க." நான் கடைசியில் வந்தேன்.

அந்த இடத்தில் அதற்கு முன் நான் இருந்ததே இல்லை. டாக்டர் பொந்தைக் காட்டி ஏதோ சொன்னார். எல்லார் தலையும் அந்தப் பக்கம் திரும்பியது, யாரோ சிரித்தார்கள். எனக்குத் துடுப்பில் தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும்தான். ஒரு வார்த்தைகூடப் பின்னால் வந்து சேரவில்லை.

இத்தனை வருடத்தில் என் பேச்சில் ஒரு சொல்லைக்கூட அவர் கேட்டிருக்க வழியில்லை. "இவ்வளவு தனியாவா வந்தீங்க?" என்று வாய்விட்டே கேட்டேன். அதுவும் யாருக்கும் கேட்கவில்லை.

வளைவில் டாக்டர் துடுப்பை உயர்த்தித் திரும்பிப் பார்த்தார். நானும் உயர்த்தினேன்.

துறையில் மகள் ஓடிவந்து என் படகைப் பிடித்துக்கொண்டாள்.

"எப்படிம்மா இருந்துச்சு?"

"பிரமாதம்" என்று அவரைப் போலவே சொல்லிவிட்டு, வாக்குக் கொடுத்தபடி கொட்டகைச் சாவியை அவள் கையில் வைத்தேன்.