நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தின் ஈரம்

நூலகத்தில் இருந்த மறுமலர்ச்சிக் காலச் சுவரோவியப் புத்தகத்தின் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் பதினேழு வருடங்களாகக் காயவில்லை. நூலகர் அம்மாள் அதை வெயிலில் வைத்தார், மின்விசிறிக்கு அடியில் வைத்தார், இஸ்திரி போட்டுப் பார்த்தார். இஸ்திரிப் பெட்டிதான் பழுதானது. தொட்டால் விரலில் சுண்ணாம்பு ஒட்டியதால், புத்தகத்தை எடுத்துப்போகிறவர்களுக்கு ஒரு கைக்குட்டையும் சேர்த்துக் கொடுப்பது வழக்கமாயிற்று. அந்தப் பக்கத்தில் இருந்த சுவரோவியத்தின் தேசத்துக்கு அம்மாள் போனதில்லை. தினமும் மதியம் அந்தப் பக்கத்தைத் திறந்துவைத்துக்கொண்டுதான் சாப்பிடுவார். ஓவியத்தில், ஒரு படிக்கட்டில் நாற்பது பேர் நின்றார்கள். மூலையில் நின்ற கடைசி ஆளுக்கு மட்டும் முகம் இல்லை, உரித்த முட்டை மாதிரி வெள்ளையாக இருந்தது.

ஈரமான புத்தகங்களை வெள்ளிக்கிழமை எடைக்குப் போட வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தபோது அம்மாளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வியாழக்கிழமை காலை, நூலகக் கழிவறைச் சுவரைப் பூச வந்த அவருடைய தம்பி, கொத்தனார், பக்கத்தை விரலால் தட்டிப் பார்த்தார்.

"அக்கா, இது காகிதம் இல்ல. பூச்சு. இன்னைக்குக் காலையில பூசின பதம்."

"பதினேழு வருஷமாவா?"

"வேலை முடியலையே, எப்படிக் காயும்?"

இந்த வகை ஓவியர் ஒரு நாளில் வரைய முடிகிற அளவுக்குத்தான் சுவரைப் பூசிக்கொள்வார். பூச்சு ஈரமாக இருக்கும்போது வெறும் தண்ணீரில் குழைத்த நிறத்தை வைத்தால் பசையே வேண்டாம். சுண்ணாம்பு காயும்போது நிறத்தையும் சேர்த்துக் கல்லாக்கிவிடும். தப்பு வந்தால் அழிக்க முடியாது, கொத்தி எடுத்துவிட்டு மறுபடி பூச வேண்டியதுதான். இந்த ஓவியர் ஒரு முகத்தைப் பாக்கி வைத்துவிட்டுச் சாப்பிடப் போனவர், திரும்பவில்லை. சுவர் ஐநூறு வருடமாகக் காத்திருந்தது.

"அப்ப நீயே வரைஞ்சிடு."

"நான் பூசறவன். நீ வரை. நான் உக்கார்றேன், என்னைப் பார்த்துப் போடு."

"பள்ளிக்கூடத்துல நான் மாடு வரைஞ்சேன். வாத்தியார் மேசை நல்லா இருக்குன்னாரே, மறந்துட்டியா?"

"மேசைக்கும் நாலு கால்தானே. பாதி சரி."

செங்கல் பொடியும் கரியும் தண்ணீரில் குழைந்தன. அம்மாள் ஐந்து மணிவரை எதிரே தெரிந்ததை ஒன்று விடாமல் வரைந்தார்; தம்பியின் காதில் செருகியிருந்த பென்சிலைக்கூட விடவில்லை. மூக்கு பெரிதாகிவிட்டது என்று தெரிந்தபோது பக்கம் காய்ந்திருந்தது.

மறுநாள் வந்த அதிகாரி பக்கத்தைத் தட்டிப் பார்த்தார். சுவரைத் தட்டின சத்தம் வந்தது. புத்தகத்தை அலமாரியிலேயே வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த வருடம் அதன் புதிய பதிப்பு வந்தது. தூர தேசத்துச் சுவரிலும் கடைசி ஆளுக்குப் பெரிய மூக்கு, காதில் பென்சில். அவர் ஓவியரின் நண்பரான ஒரு தச்சர் என்று அறிஞர் ஒருவர் நான்கு பக்கம் விளக்கியிருந்தார்.

"மூக்கைக் கொத்தி எடுத்துடலாமாடா?" என்றார் அம்மாள்.

"மூக்கை விடு. என்னைப் போய்த் தச்சன்னு எழுதியிருக்கான் பார்."

கைக்குட்டை கொடுக்கும் வழக்கம் மட்டும் நிற்கவில்லை. வாசகர்கள் அதை மடிப்புக் கலையாமல் திருப்பிக் கொடுத்தார்கள்.